மாஸ்டாவின் சுழல் எஞ்சின்: மூன்று திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய கார் நிறுவனங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் மாஸ்டாவுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். டொயோட்டா, ஹோண்டா என்ற பெரிய பெயர்களுக்கு நடுவே அதை மறக்காமல் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பகுதியில் மூன்று தவறான செய்திகள் இருந்தன. பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் சுழல் எஞ்சினை மாஸ்டா கண்டுபிடித்தது என்பது ஒன்று. பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டதால் அந்த எஞ்சினுக்குத் தடை போட்டார்கள் என்பது இன்னொன்று. எப்போது படுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாத எஞ்சின் அது என்பது மூன்றாவது. மூன்றும் வெகுகாலமாக வாய்வழியாகப் பரவி வருபவை. மற்றவர்கள் கைகழுவிய ஒரு எஞ்சினில், வாயு கசியாமல் அடைக்கும் ஒரு சின்ன சீல் சம்பந்தப்பட்ட கோளாறை அறுபது ஆண்டுகளாக விடாமல் சரிசெய்து வந்த நிறுவனம் மாஸ்டா. அதன் மீது கார் பிரியர்களுக்கு உள்ள பிடிப்புக்குக் காரணம் அதுதான். இந்த மூன்று செய்திகளும் அதையே மறைத்துவிடுகின்றன.

முதலில் வரலாறு. 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் டோயோ கார்க் கோக்யோ. கார்க் செய்யும் தொழில். மறு ஆண்டே தலைமைக்கு வந்த ஜூஜிரோ மட்சுதா அதை இயந்திரத் தொழிலுக்குத் திருப்பினார். 1927இல் பெயரிலிருந்து கார்க் போனது. 1931இல் 'மாஸ்டா-கோ' என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த மையத்திலிருந்து அந்த ஆலை சுமார் 5 கி.மீ. தொலைவில், புச்சூவில் இருந்தது. நடுவில் ஹிஜியாமா குன்று மறைத்ததால் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. நகரமே அழிந்த நிலையில் மாகாண அரசு அலுவலகங்கள் அந்த ஆலைக் கட்டடத்தில் இயங்கின. அதே ஆண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி மறுபடி தொடங்கியது. இடிபாடுகளை அகற்றவும் ஊரைத் திரும்பக் கட்டவும் அந்த வண்டிகள்தான் ஓடின. ஹிரோஷிமாவுக்கும் மாஸ்டாவுக்கும் உள்ள உறவு விளம்பர வாசகமாக உருவானதல்ல.

முதல் பயணிகள் கார் 1960இல் வந்த ஆர்360 கூப்பே. 356 சிசி. அதற்குள் இன்னொரு நெருக்கடி வந்துவிட்டது. ஜப்பானிய அரசு கார் நிறுவனங்களைச் சில குழுக்களாக இணைக்கத் திட்டமிட்டது. தனக்கென ஒரு தொழில்நுட்பம் இல்லாத நிறுவனம் பெரிய நிறுவனத்தின் வயிற்றுக்குள் போக வேண்டியதுதான். அப்போதைய தலைவர் சுனேஜி மட்சுதா ஜெர்மனிக்குப் போய் என்எஸ்யு என்ற வாகன நிறுவனத்துடன் சுழல் எஞ்சினுக்கான உரிம ஒப்பந்தம் போட்டதன் பின்னணி இதுதான்.

இங்கே முதல் திருத்தம். சுழல் எஞ்சின் ஃபெலிக்ஸ் வாங்கெலின் கருத்து. 1957இல் என்எஸ்யுவில் ஓடிய அவருடைய முதல் மாதிரியில் உள்சுழலி மட்டுமல்ல, வெளிக்கூடும் சேர்ந்து சுற்றியது. கூடு அசையாமல் நிற்க, உள்ளே முக்கோணச் சுழலி மட்டும் சுற்றும் வடிவத்தை உருவாக்கியவர் அதே நிறுவனப் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. இன்றைக்கு நாம் சுழல் எஞ்சின் என்று சொல்வது இந்த இரண்டாவது வடிவத்தை. அதை வைத்து முதலில் விற்பனைக்கு வந்த காரும் என்எஸ்யுவின் ஸ்பைடர்தான், 1964இல். மாஸ்டாவின் பங்கு வேறு: அதை நாள்பட உழைக்கும் எஞ்சினாக மாற்றியது.

ஜெர்மனியிலிருந்து வந்த சோதனை எஞ்சினை ஹிரோஷிமாவில் ஓட்டிப் பார்த்தபோது, கூட்டின் உள்சுவரில் அலை அலையாகக் கீறல்கள் விழுந்தன. 'பிசாசின் நகக்கீறல்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 1963 ஏப்ரலில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களோடு தனிப் பிரிவு அமைந்தது. அவர்கள் முன்னால் இருந்த முதல் வேலை அந்தக் கீறல்தான்.

அது ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் எப்போதும் ஒரே நிலையில் மேலும் கீழும் வழுக்குகிறது. சுழல் எஞ்சினின் கூடு, இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்டம். சுழலியின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு பட்டை சீல் இருக்கிறது. சுழலி திரும்பத் திரும்ப அந்தப் பட்டை சுவரைத் தொடும் கோணம் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். தொடுவது ஒரு கோட்டளவுதான். பட்டையை வெளியே தள்ளுவது பின்னாலுள்ள ஸ்பிரிங்கும், வாயு அழுத்தமும், சுழற்சி விசையும். இந்த விசைகள் மாறும் இடங்களில் பட்டை தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிக்கும். துடிக்கிற பட்டை சுவரைக் கொத்தும். உராய்வு என்று நினைத்து எவ்வளவுதான் கடினமான உலோகத்தைப் போட்டாலும் கீறல் போகாததற்குக் காரணம் இதுவே. யமமோட்டோ குழு இதை அதிர்வுப் பிரச்சினை என்று கண்டுகொண்ட இடத்தில்தான் கதை திரும்பியது. பட்டையின் முனைக்கு அருகே நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றினார்கள். கீறல் மறைந்தது. பிறகு உற்பத்திக்கு ஏற்றதாக, கார்பனுக்குள் அலுமினியத்தை ஊறவைத்த சீலை நிப்பான் கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள்.

இன்னொரு முடிவும் முக்கியம். என்எஸ்யு, காற்று உள்ளே வரும் வாயிலைக் கூட்டின் சுற்றுச்சுவரில் வைத்தது. உயர் வேகத்தில் அது அபாரமாக இழுக்கும். குறைந்த வேகத்தில் வெளியேறும் புகையும் உள்ளே வரும் கலவையும் கலந்து ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவது) தள்ளாடும். மாஸ்டா வாயிலைப் பக்கச் சுவருக்கு மாற்றியது. ஒரு சுழலிக்குப் பதில் இரண்டு சுழலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். எஞ்சின் நகர ஓட்டத்துக்குப் பழகியது.

1967 மே 30 அன்று இந்த எஞ்சினோடு மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 491 சிசி அறை இரண்டு, 110 குதிரைத்திறன். மறு ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் 84 மணி நேரம் நீடிக்கும் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று நான்காவதாக முடித்தது. இன்னொன்று 82ஆம் மணி நேரத்தில் நின்றது. நின்றது பின் அச்சுக் கோளாறால். எஞ்சினால் அல்ல. காஸ்மோ 1972 வரை 1,176 மட்டுமே தயாரானது. எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் அதே எஞ்சின் குடும்பம் பிறகு சாதாரணக் குடும்பக் கார்களிலும் ஏறியது. என்எஸ்யுவோ 1967இல் ரோ 80 என்ற அழகான காரைக் கொண்டுவந்து, சீல் பழுதுகளுக்கு உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நொடித்துப்போய், 1969இல் ஆடியோடு இணைக்கப்பட்டது. மெர்சிடிஸ், ஜெனரல் மோட்டார்ஸ், சிட்ரோயன் எல்லாம் முயன்று விட்டுவிட்டன.

மாஸ்டாவுக்கும் அடி விழுந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் சுழல் எஞ்சினின் மைலேஜ் அதன் கழுத்தை நெரித்தது. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் சுவரின் பரப்பு அதிகம். வெப்பம் சுவரில் போகிறது. அறையின் பின்மூலைக்குச் சுடர் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. எரியாமல் வெளியேறும் பெட்ரோலைச் சுத்தப்படுத்த, புகைக்குழாயில் ஒரு வெப்ப உலையை வைத்து அங்கே எரித்தார்கள். உலை அணையாமல் இருக்க எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டியிருந்தது. நிறுவனம் கடனில் மூழ்கி, சுமிட்டோமோ வங்கியின் ஆட்கள் நிர்வாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலைத் தொழிலாளர்களையே விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிக் கார் விற்க வைத்தார்கள். 1979இல் ஃபோர்டு 25 சதவீதப் பங்கு வாங்கியது. இவ்வளவுக்கும் நடுவில் எரிபொருள் செலவைக் குறைத்து, 1978இல் ஆர்எக்ஸ்-7 என்ற சுழல் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. எஞ்சின் சிறியது, உயரம் குறைந்தது என்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. காரின் எடைப் பகிர்வும் திரும்பும் லாவகமும் அந்த இடத்திலிருந்து வருகின்றன. 2002 வரை மூன்று தலைமுறைகளில் 8 லட்சத்துக்கும் மேல் விற்றது.

கட்டுரையில் 'வெறும் 1.3 லிட்டரில் 250 குதிரைத்திறன்' என்று வியந்திருந்தீர்கள். வியப்பு நியாயம்தான். ஆனால் ஒப்பீடு சரியில்லை. மாஸ்டாவின் இரண்டு சுழலி எஞ்சினான 13பி-யின் 1,308 சிசி என்பது சுழலிக்கு ஓர் அறையை மட்டும் கணக்கிட்டது. சுழலிக்கு மூன்று முகங்கள். அது ஒருமுறை சுற்றும்போது எஞ்சின் தண்டு மூன்று முறை சுற்றுகிறது. ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழலி ஒரு வெடிப்பைத் தருகிறது. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். நேர்மையாக ஒப்பிட்டால் 13பி-யை 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். ஜப்பானிய வரிச் சட்டமே அறை அளவை 1.5 ஆல் பெருக்கித்தான் வரி போடுகிறது.

இரண்டாவது திருத்தம் லே மான். 1991 ஜூன் 22, 23 தேதிகளில் மாஸ்டாவின் 55ஆம் எண் 787பி கார் 362 சுற்றுகள் ஓடி வென்றது. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் கஷோ ஓட்டினார்கள். நான்கு சுழலி, சுழலிக்கு மூன்று பிளக், பீங்கான் முனைச் சீல், சுமார் 700 குதிரைத்திறன். லே மானில் ஜெயித்த முதல் ஜப்பானியக் கார் அது. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு டொயோட்டா 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த வெற்றிக்குப் பயந்து தடை போட்டதாகச் சொல்வது தவறு. உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியை 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின்களுக்கு மாற்றும் விதி அந்தப் பந்தயத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1991 என்பது பழைய விதிக் கார்களுக்குக் கொடுத்த அவகாசம். அந்த அவகாச விதியிலும் மாஸ்டாவுக்கு ஒரு சாதகம் இருந்தது. ஜாகுவார், மெர்சிடிஸ் கார்களுக்குக் குறைந்தபட்ச எடை 1,000 கிலோ. மாஸ்டாவுக்கு 830. இதைச் சொல்வதால் வெற்றி சிறுத்துவிடாது. எடை குறைவாக இருந்தாலும் 24 மணி நேரம் எஞ்சின் தாங்கியாக வேண்டும். தாங்கியது. பந்தயத்துக்குப் பின் பிரித்துப் பார்த்தபோது எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது.

மூன்றாவதுதான் வாசகர்களின் கைக்காசைத் தொடுவது. ஆகவே விரிவாக எழுதுகிறேன். சுழல் எஞ்சின் காரணமில்லாமல் நிற்பதில்லை. அதற்கென்று சில விதிகள் உண்டு. பிஸ்டன் எஞ்சின் பழக்கத்திலேயே அதை வைத்திருந்தால் பழுதாகும். 2003 முதல் 2012 வரை விற்ற ஆர்எக்ஸ்-8 இன்றும் பழைய கார் சந்தையில் கிடைப்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஆயில் குறைவது கோளாறு அல்ல. முனைச் சீல்களுக்கு உயவு கொடுக்க, எஞ்சினே ஒரு சிறு பம்ப் மூலம் ஆயிலை அறைக்குள் செலுத்தி எரிக்கிறது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒருமுறை ஆயில் குச்சியைப் பார்க்க வேண்டும். அடுத்த சர்வீஸ் வரை பார்க்காமல் ஓட்டுகிற வழக்கம் இந்தக் காருக்கு ஆகாது. சிலர் கூடுதல் பாதுகாப்புக்கு இருசக்கர வண்டிக்கான டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் 200க்கு 1 என்ற அளவுபோலக் கலக்கிறார்கள். கலக்காதவர்கள் ஆயில் பம்பும் அதன் குழாய்களும் வேலை செய்கின்றனவா என்பதையாவது உறுதி செய்ய வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு உடனே அணைக்கக் கூடாது. குளிர் நிலையில் பெட்ரோல் அதிகம் பாயும். அது சீல் மேலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை செல்ஃப் அடித்தால் கம்ப்ரஷன் (அறைக்குள் கலவை அழுந்தும் அழுத்தம்) இருக்காது, பிளக்குகள் நனைந்திருக்கும், எஞ்சின் எடுக்காது. அப்போது ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடிக்கலாம். அந்த நிலையில் பெட்ரோல் நின்றுவிடும், காற்று மட்டும் போய் அறை காயும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்குகளைக் கழற்றிக் காய வைத்து, பெட்ரோலைத் துண்டித்து, செல்ஃப் அடித்து உள்ளே தேங்கி நிற்கும் பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். கீழ்ப்பக்க பிளக் துளை ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு மாட்டினால் சீல் மறுபடி பிடிக்கும். எடுத்த பிறகு சற்று நேரம் புகை தள்ளும், பயப்பட வேண்டாம். மேல் பிளக்கும் கீழ் பிளக்கும் வேறு வேறு ரகம். மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

பல எஞ்சின்களைக் கொல்வது சீல் அல்ல, பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு இக்னிஷன் காயில்கள். காயில் பலவீனமானால் பெட்ரோல் எரியாமல் வெளியே போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் வெப்பம் எஞ்சினுக்கே திரும்பும். சீல் போவது அதற்குப் பிறகுதான். எஞ்சின் போனது என்று முடிவு கட்டும் பணிமனைகளில் பாதிக்கு மேல் காயிலைச் சோதிப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

ஓவர்ஹீட் ஆவதை ஒருமுறைகூட அனுமதிக்கக் கூடாது. சுழல் எஞ்சினில் வெடிப்பு எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் நடக்கிறது. எதிர்ப்பக்கம் குளிர்ந்த காற்று வரும் பக்கம். ஒரு பாதி கொதிக்க, மறுபாதி குளிர்ந்திருக்கும். அலுமினியக் கூட்டையும் இரும்புப் பக்கச் சுவர்களையும் நீண்ட போல்ட்டுகள் அடுக்காகச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அளவுக்கு மீறிச் சூடானால் உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிந்து, நடுவிலுள்ள கூலன்ட் சீல் நசுங்கும். கூலன்ட் காரணம் தெரியாமல் குறைவது, தொட்டியில் குமிழி வருவது, காலையில் கிளப்பியதும் வெள்ளைப் புகை வருவது இதன் அறிகுறிகள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. முதலில், கார் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பிப் பாருங்கள். சூட்டில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது என்றால் கம்ப்ரஷன் தேய்ந்திருக்கிறது. குளிரில் உடனே எடுப்பதை வைத்து ஏமாற வேண்டாம். இரண்டாவது, சுழல் எஞ்சினுக்கான மீட்டரில் கம்ப்ரஷன் சோதனை. சாதாரண மீட்டர் மூன்று முகங்களில் அதிகமாக உள்ளதை மட்டும் காட்டி நின்றுவிடும். ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8க்கு, நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் இருக்க வேண்டியது, 680 கடைசி எல்லை. ஒரே சுழலியின் முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐயும், இரண்டு சுழலிகளுக்குள் 100ஐயும் தாண்டக் கூடாது. செல்ஃப் மோட்டார் 250ஐ விட வேகமாகச் சுற்றினால் அளவு கூடிக் காட்டும். ஆகவே சுற்று எண்ணைக் குறிக்காமல் தரும் சோதனைச் சீட்டுக்கு மதிப்பில்லை.

ஆர்எக்ஸ்-8 குறையில்லாத கார் என்று சொல்ல வரவில்லை. புகை வாயிலையும் பக்கச் சுவருக்கு மாற்றியதால் மைலேஜும் புகையின் தூய்மையும் கூடின. ஆனால் பக்கச் சீல்களில் கார்பன் படிந்து இறுகும் தொல்லை சேர்ந்தது. மெதுவாகவே ஓட்டிப் பழகிய கார்களில் இது அதிகம். சூடேறிய பின் அவ்வப்போது உயர் சுழற்சிக்குக் கொண்டுபோவது நல்லது. 2008இல் மாஸ்டாவே அமெரிக்காவில் எஞ்சின் உத்தரவாதத்தை 8 ஆண்டு, 1 லட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது.

கட்டுரை சுழல் எஞ்சினோடு நின்றுவிட்டதும் ஒரு குறை. ஒரு கோளாறின் மூலத்தைத் தேடும் அதே பழக்கத்தை மாஸ்டாவின் பிஸ்டன் எஞ்சின்களிலும் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதத்தை 14:1 வரை ஏற்றினால் நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வரும் என்பது பாடநூல் பாடம். அறையில் தங்கும் சூடான பழைய புகைதான் அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டு, புகைக்குழாய்களை நீட்டி, நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினார்கள். ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டருக்குள் திரும்பாமல் போனது. 2011இல் டெமியோ என்ற மாஸ்டாவின் சிறிய கார் அந்த விகிதத்தோடு விற்பனைக்கு வந்தது. 1989இல் சிகாகோவில் அறிமுகமான எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய எஞ்சின் எதுவும் இல்லை. முதல் மாதிரியில் 1.6 லிட்டர்தான். எடையைக் குறைத்து, கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரே சட்டத்தால் இறுக்கிப் பிணைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் பதில் வரும்படி செய்தார்கள். 2016இல் அது 10 லட்சமாவது காரைத் தொட்டது.

2023இல் எம்எக்ஸ்-30 காரில் சுழல் எஞ்சின் திரும்பி வந்ததைக் கட்டுரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் மட்டும் தயாரிக்கிறது. ஒரே சுழலி, 830 சிசி. முனைச் சீலின் தடிமனை 2 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள். பக்கக் கூடுகள் அலுமினியம். பெட்ரோலை வாயிலில் தெளிக்காமல் அறைக்குள் நேரடியாகத் தெளிக்கிறார்கள். அடிக்கடி கிளம்பி அணையும் எஞ்சினில், நனைந்துபோகும் பழைய தொல்லைக்கு இதுவே சரியான மருந்து என்று கருதுகிறேன்.

தங்கள் இதழில் திருத்தம் வெளியிடுவதானால் லே மான் விதி பற்றிய தகவலோடு மேலே உள்ள கம்ப்ரஷன் அளவுகளையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆர்எக்ஸ்-8 பார்க்கப் போகிறவர்கள் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்ள உதவும்.

இப்படிக்கு,
எஞ்சின் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்